நக்கலக்காவுக்கு நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு நக்கலக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது வருகைப் பதிவோடு சரி. வாயைத் திறந்தால் நக்கல். இஸ்திரி ரோலர் போடுகிற இரைச்சலையும் தாண்டி அவள் ஒரு வார்த்தை விட்டால், கடைசி மூலையில் தலையணை உறையை உதறிக்கொண்டிருப்பவள்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பது, மேனேஜர் போனில் மனைவியிடம் குழைவது, தலைமை நர்ஸ் படியிறங்கும்போது முழங்காலைப் பிடிப்பது, எதையும் விட்டுவைக்கமாட்டாள். ஆனால் அவள் தினப்படி மென்று துப்பியது உச்சு சாரைத்தான்.

உச்சு சார் அங்கே சூப்பர்வைசர். ஒல்லியான மனிதர். இடுப்பில் இடப்பக்கம் ஒரு சாவிக்கொத்து, இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். எதைப் பார்த்தாலும் நாக்கைத் தட்டி ‘உச்’ என்பார். கறை போகவில்லையா, உச். மெஷின் நின்றுவிட்டதா, உச். வெளியே மழை பிடித்துக்கொண்டதா, அதற்கும் ஒரு உச். திட்டத் தெரியாது, அதட்டத் தெரியாது. இப்படி ஒரு மனுஷன் வாய்த்தால் நக்கலக்கா சும்மா விடுவாளா? சாப்பாட்டு இடைவேளையில் ஒரு துண்டை உருட்டி இடுப்பில் சாவிக்கொத்தாகச் செருகிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, துணிக் குவியல்களுக்கு நடுவே நடந்து காட்டுவாள். அச்சு அசல்.

ஒருமுறை மறுபடி துவைக்க அனுப்பிய வண்டியில் ஒரு நீலத் துண்டு கலந்துபோய், அத்தனை வெள்ளை விரிப்பும் சாயம் ஏறி நாசமாகிவிட்டது. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்து குதித்தார். அந்தத் துண்டு யாருடையது என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். நக்கலக்காவுடையது. உச்சு சாருக்கும் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “என் கவனக்குறைவு சார், நான்தான் பாத்திருக்கணும்” என்றார். மேனேஜர் இன்னும் நாலு வார்த்தை கத்திவிட்டுப் போய்விட்டார். வேறு யாராவது என்றால் உச்சு சாரிடம் போய், நல்லா இருங்க சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நம் ஆள் என்ன செய்தாள்? அவர் தலை மறைந்ததும் மறையாததுமாக, “என் கவனக்குறைவு சார்” என்று மூக்கால் இழுத்து நடித்துக் காட்டினாள். அதுவே கூடத்தின் வசனம் ஆகிவிட்டது. டீ சிந்தினால் “என் கவனக்குறைவு சார்”. தும்மினால் “என் கவனக்குறைவு சார்”. முதுகெலும்பு இல்லாத பயல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்பது அவள் கட்சி.

சிரிக்காத ஆள் ஒருத்திதான். நக்கலக்காவின் நாத்தனார். புருஷனுடைய தங்கை. கட்டினவன் வேலை தேடிப் போகிறேன் என்று போய் அப்படியே போய்விட்டான். அதிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். நக்கலக்கா அவளை எப்போதும் “எங்க நாத்தனார், எங்க நாத்தனார்” என்றே சொல்வதால் கூடத்தில் அத்தனை பேருக்கும் அவள் நாத்தனார் ஆகிவிட்டாள். அவளைவிட இரண்டு மடங்கு வயசானவர்கள்கூட “நாத்தனாரே, அந்த வண்டியத் தள்ளும்மா” என்பார்கள்.

“பாவம் அண்ணி, அவரும் மனுஷன்தானே” என்பாள் நாத்தனார்.

“உனக்கு ஜென்மத்துக்கும் நக்கல் வராது போ. மொகத்தப் பாரு, பிழியாத போர்வை மாதிரி.”

அப்படிச் சொன்னாலும் இருவருக்கும் இருந்த ஒட்டுதல் வேறு. விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. இருவர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஒரு சுண்டு சுண்டி, நெருங்கி வந்து, இவள் முனையை அவள் கையில் கொடுத்து, கீழே தொங்குகிற மடிப்பை இவள் குனிந்து எடுத்து, திரும்பவும் விலகி, திரும்பவும் நெருங்கி. இந்த இருவரும் மடிக்கும்போது பேச்சே இருக்காது. ஒருத்தி கை நீளும்போது இன்னொருத்தி கை அங்கே இருக்கும். மற்ற ஜோடிகள் பாதி வண்டி முடிப்பதற்குள் இவர்கள் முழு வண்டியை ஒழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சலவைக்கூடத்துக்கு இரண்டு பக்கம். நடுவில் கூரைவரை சுவர். சுவருக்கு இந்தப் பக்கம், மடிக்கிற இடம், வெள்ளைப் பக்கம்; அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம். வார்டுகளிலிருந்து வருகிற ரத்தமும் சீழும் வாந்தியுமான துணியைப் பிரித்து, மருந்துத் தண்ணீரில் அலசி, மெஷினில் திணிப்பது அங்கே. சுவரிலேயே பதித்த மெஷின்கள். அவற்றுக்கு இரண்டு வாய். அழுக்குப் பக்கத்து வாயில் போட்ட துணி, துவைத்து வெள்ளைப் பக்கத்து வாயில் வெளியே வரும். அங்கிருக்கிறவர்கள் இங்கே வரக்கூடாது, இங்கிருக்கிறவர்கள் அங்கே போகக்கூடாது. சாப்பிடுகிற இடம்கூட வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணியும் நாத்தனாரும் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். மருந்துத் தண்ணீர் நாத்தனார் கையைத் தின்றுவிட்டது. விரலிடுக்கெல்லாம் வெடித்து, தண்ணீர் டம்ளரைக்கூடப் பிடிக்கமுடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் தூக்கிக் குடிப்பாள்.

அப்போது நக்கலக்கா ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு. நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், உச்சு சாரின் மேஜைமேல் அந்த இரண்டு கையையும் விரித்து வைத்தாள். “பாருங்க சார். இதுக்கு மேல ஒரு வாரம் இவ அங்க இருந்தா நான் மேனேஜர் ரூம் வாசல்ல போய் உக்காந்துருவேன். இவள வெள்ளப் பக்கம் அனுப்பினா நானும் கூடப் போவேன், இல்லேன்னா ரெண்டு பேரும் வேலைக்கே வரமாட்டோம்” என்றாள். உச்சு சார் அந்தக் கையைப் பார்த்து ‘உச்’ என்றார். மறுநாளே இருவரும் வெள்ளைப் பக்கம். கை ஆறிவிட்டது. அந்த ‘உச்’சையும் நக்கலக்கா அன்று மத்தியானமே நடித்துக் காட்டினாள் என்பது வேறு விஷயம்.

உச்சு சார் ஓய்வு பெற்றார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது மேனேஜர் ரொம்ப யோசிக்கவில்லை. கூடத்தில் எல்லாரையும் கிண்டலடித்துக் கெடுப்பவள் ஒருத்தி, அவளையே தூக்கி உட்காரவைத்துவிட்டால் கிண்டல் அடங்கும் என்று கணக்குப் போட்டார். மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வாயை அடைக்க ஒரு நாற்காலி போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் புருஷன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், செய்தியைக் கேட்டுவிட்டு, “அப்ப இங்கயும் உனக்கு ஒரு நாற்காலி போடணுமா, இல்ல வழக்கம்போல எங்க தலைமேலயே உக்காந்துக்குவியா?” என்றார். நாத்தனார்தான் நிஜமாக சந்தோஷப்பட்டாள். அண்ணியின் பழைய கைப்பையின் அறுந்த வாரை அன்று சாயங்காலமே தைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் சாவிக்கொத்தை வாங்கியவுடன் நக்கலக்கா செய்த வேலை, அதை இடுப்பில் வலப்பக்கம் மாட்டியது. இடப்பக்கம் மாட்டினால் உச்சு சார் மாதிரி இருக்குமாம். நான் வேற, அந்த ஆள் வேற என்று ஊருக்குக் காட்டவேண்டாமா? சாவியைப் பக்கம் மாற்றிவிட்டால் ஆள் மாறிவிடும் என்று நம்புகிறவர்களை என்ன சொல்வது.

தொடக்கத்தில் அந்த நாற்காலி அவளுக்கு முள்ளாகத்தான் குத்தியது. உட்கார்வாள், உடனே எழுந்துவிடுவாள். கை சும்மா இருக்காது. ஓடிப் போய் நாத்தனாருக்கு எதிரே நின்று இரண்டு விரிப்பை மடித்துவிட்டு வருவாள். “அக்கா, ஒரு தடவ உச்சு சார் மாதிரி நடந்து காட்டுங்க” என்று ரோலர்காரி, இஸ்திரி ரோலரில் நிற்கிற பெண், கேட்டபோது நடந்தும் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இப்போது இடுப்பில் இருந்தது துண்டு இல்லை, நிஜமான சாவி. அது கிலுங்கியது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை கேட்டபோது, “வேலையப் பாருங்க” என்றாள்.

அப்புறம் மெல்ல மெல்லப் பழகியது. மனிதர்களுக்குப் பழகாதது எது? நாற்காலிக்கு ஒரு மெத்தை வந்தது. டீக்குத் தனி டம்ளர் வந்தது, அதை வேறு யாரும் தொட்டால் முகம் சுருங்கியது. மடிக்கப் போவது நின்றது, நாத்தனாருக்கு வேறு ஜோடி வந்தது. நின்று பேசுகிறவர்களிடம் உட்கார்ந்தபடியே பேசப் பழகினாள். இரண்டு கையும் எப்போது முதுகுக்குப் பின்னால் போனது, முதல் ‘உச்’ எப்போது வாயிலிருந்து விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நடித்துக் காட்டத்தான் ஆள் இல்லையே.

நாற்காலி கிடைத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது மாற்றியே ஆகவேண்டும். மாற்றாவிட்டால் வந்ததே தெரியாதே. நக்கலக்காவுக்கும் அது பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியைப் பார்வையிட வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வாரம் டிவியில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலைக் காட்டினார்கள். அலமாரி நிறைய விரிப்புகள், வெள்ளை வெளேரென்று, ஒரு நூல் பிசிறு தெரியாமல். அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

ஆஸ்பத்திரி விரிப்பு அப்படி இருக்காது. ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் ஒரு கலர் பட்டி தைத்திருக்கும். குழந்தைகள் வார்டுக்கு மஞ்சள், ஆபரேஷன் அறைக்குப் பச்சை, தொற்று நோய் வார்டுக்குச் சிவப்பு. அந்தப் பட்டி வெளியே தெரிகிற மாதிரி மடிப்பதுதான் வழக்கம். வண்டி தள்ளிக்கொண்டு மேலே போகிறவர்கள் பட்டியைப் பார்த்துத்தான் எந்த அடுக்கு எந்த வார்டுக்கு என்று இறக்குவார்கள். நக்கலக்கா இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை இது. அவளே ஒருநாள் காலையில் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்: “இனிமே பட்டிய உள்ள வச்சு மடிங்க. அடுக்கிப் பாத்தா கலர் கலரா அசிங்கமா இருக்கு. வர்றவங்க பாத்தா ஓட்டல் மாதிரி இருக்கணும்.”

நாத்தனார்தான் அருகில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டாள். “அண்ணி, பட்டி உள்ள போயிட்டா மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும் தெரியும். அடுக்கி வைக்கற எடத்த வச்சுக் கண்டுபிடிச்சுக்குவாங்க.”

“வண்டில ஏத்தறப்ப மாறிடுமே.”

“நீ சூப்பர்வைசரா, நானா? சொன்னதச் செய்.”

அத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் அவள் நாத்தனாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நாத்தனார் போய், சொன்னபடியே பட்டியை உள்ளே வைத்து மடிக்கத் தொடங்கினாள். அவள் செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். பெரிய மனிதர்கள் வந்தார்கள், அலமாரியைப் பார்த்தார்கள், அழகாக இருக்கிறது என்றார்கள். நக்கலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சில நாளில் தலைமை நர்ஸ் முழங்காலைக்கூடப் பிடிக்காமல் தடதடவென்று படியிறங்கி வந்தாள். கையில் ஒரு விரிப்பு. மூலையில் சிவப்புப் பட்டி. கூடவே மேனேஜர்.

“குழந்தைங்க வார்டுல மூணு கட்டில்ல இத விரிச்சிருக்காங்க. இது எந்த வார்டோடதுன்னு தெரியுதா?” என்றாள் நர்ஸ். “துவைச்சதுதான், எனக்கும் தெரியும். ஆனா நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு நான் எங்க போய்த் தேடறது?”

நல்லவேளை, எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று மேனேஜர் முகம் போன போக்கே சரியில்லை. அலமாரியைத் திறந்து ஒரு அடுக்கை உருவினார். எல்லாப் பட்டியும் உள்ளே. “யாரு இது? பட்டிய உள்ள வச்சு மடிச்சது யாரு?” என்றார்.

ரோலரை யாரோ நிறுத்திவிட்டார்கள். கூடம் முழுக்க நக்கலக்காவையே பார்த்தது. சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். அதை அவளைப்போல மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியிலேயே கிடையாது. நின்றுகொண்டு, உட்கார்ந்துகொண்டு, மூக்கால், வாயால், எத்தனை முறை சொல்லியிருப்பாள். என் கவனக்குறைவு சார். முதுகெலும்பு இல்லாத உச்சு சாரே சொன்ன வாக்கியம். அது அவள் தொண்டைவரை வந்தது. வந்ததா இல்லையா என்று அவளைக் கேட்டால் வந்தது என்றுதான் சொல்வாள். அதற்குள் அவளுடைய வலது கை தானாக இறங்கி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை யாரோ பிடுங்க வருகிற மாதிரி மூடிக்கொண்டது. தலை குனிந்தது. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். விரல்கூட நீட்டவில்லை. மோவாயை மட்டும் நாத்தனார் பக்கம் லேசாக அசைத்து, “மடிச்சது அவ சார்” என்றாள்.

பொய் இல்லையே. மடித்தது அவள்தானே. இப்படி ஒரு உண்மையைச் சொல்வதற்கு நாலு பொய் சொல்லிவிட்டுப் போகலாம்.

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கிற பார்வை. மேனேஜரும் ஒருகணம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. “இவ்வளவு வருஷம் வேலை பாத்துட்டு இதுகூடத் தெரியலையா? வெள்ளப் பக்கத்துக்கு இவங்க வேண்டாம். நாளையிலேருந்து அந்தப் பக்கம் அனுப்புங்க” என்று நக்கலக்காவிடமே சொல்லிவிட்டு மாடியேறினார்.

அந்தக் கையைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருகாலத்தில் மேஜைமேல் விரித்து வைத்தாளே, அதே கை. சார், அவளுக்கு மருந்துத் தண்ணி ஒத்துக்காது என்று சொன்னால் நாற்காலி ஓடியா போகும்? நக்கலக்கா, “சரி சார்” என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் இருவரும் வழக்கம்போல ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நக்கலக்கா வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நாள் போகட்டும், சார் மறந்துருவாரு, நானே உன்ன இந்தப் பக்கம் இழுத்துர்றேன். இறங்குகிற இடம் வருவதற்குச் சற்று முன் நாத்தனாரே வாயைத் திறந்தாள். “வீட்டுல சோப்பு தீந்துபோச்சு அண்ணி” என்றாள்.

மருந்துத் தண்ணீர் பழைய ஆளை மறக்கவில்லை. இரண்டாவது வாரமே விரலிடுக்கு வெடிக்கத் தொடங்கிவிட்டது. சாப்பிடும்போது நாத்தனார் கரண்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்து அண்ணன் கேட்டார். “என்ன, கை மறுபடியும் இப்படி ஆயிருக்கு? உன்ன யாரு அந்தப் பக்கம் போட்டது? நம்ம ஆளுதானே இப்ப அங்க எல்லாம்.”

நக்கலக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “நானாத்தான் கேட்டுக்கிட்டேன் அண்ணே. இங்க ரோலர் சூடு தாங்கல” என்றாள்.

“ஏன், நீயாவது சொல்லக்கூடாதா?” என்று அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“கேட்டாத்தானே. அவ பிடிச்சா பிடிச்சதுதான்” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவ எழுந்து போனாள் நக்கலக்கா. கொடுத்த போர்வையை எவ்வளவு சுகமாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள் பாருங்கள்.

அதுவும் பழகிவிட்டது. கை வெடித்ததைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். ஒருநாள் ஒரு களிம்புக் குழாயை வாங்கிவந்து பின்னறை ஜன்னலில் வைத்தாள். அது மூடி திறக்காமல் அங்கேயே கிடந்தது. அழுக்குப் பக்கத்துக்கு ரப்பர் கையுறை நல்லதாக வரவழைத்துக் கொடுத்தாள். அதை நினைத்து ஒரு வாரம் மனசுக்குள் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். கூடத்தில் பட்டி மறுபடி வெளியே வந்துவிட்டது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டு மொட்டைமாடிக் கொடியிலிருந்து போர்வை எடுக்கும்போது மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. முன்பெல்லாம் ஒருத்தி எடுத்தால் இன்னொருத்தி கை தானாக எதிர்முனைக்கு வரும். இப்போது நாத்தனார் போர்வையின் நடுவை மோவாய்க்கும் கழுத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, வெடித்த கையால் தனியாகவே மடிக்கப் படித்துவிட்டாள். நக்கலக்கா ஒருமுறை முனையைப் பிடிக்கப் போனாள். “இருக்கட்டும் அண்ணி, நீங்க எதுக்கு” என்றாள் நாத்தனார், மரியாதையாக. அதற்குமுன் அவள் அண்ணியிடம் அத்தனை மரியாதையாகப் பேசியதே இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரம். நக்கலக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த மெஷின்களின் இரண்டு வாய்க்கும் வட்டமான கண்ணாடிக் கதவு. துணி இருந்தால் ஒன்றும் தெரியாது. காலியாக இருந்தால், இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அந்தக் கண்ணாடியையும் தாண்டி, அழுக்குப் பக்கம் தெரியும். சத்தம் மட்டும் வராது. கடைசி மெஷின் காலியா என்று பார்க்க அவள் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

அந்தப் பக்கம் அழுக்கு மூட்டைகள்மேல் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நாத்தனார். இடுப்பில் இரண்டு ரப்பர் கையுறைகளைச் செருகிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். மெதுவாக ஒரு நடை நடந்தாள். ஒரு மூட்டையைக் குனிந்து பார்த்து வாயைக் குவித்தாள். சத்தம் வராவிட்டால் என்ன, அது ‘உச்’தான். ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்தாள். இந்த உம்மணாமூஞ்சிக்கு இது எங்கே இருந்து வந்தது என்று நக்கலக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளும் லேசாகச் சிரித்துவிட்டாள். உச்சு சாரைத்தான் நடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தாள். ஊறின தொழில் இல்லையா, உடனே குறையும் கண்ணில் பட்டது. சாவியை வலப்பக்கம் செருகியிருக்கிறாள், தப்பு. உச்சு சாருக்கு இடப்பக்கம்.

நாத்தனார் நடையை நிறுத்தினாள். எதிரே யாரோ நிற்பதுபோல நின்று, தலையைக் குனிந்தாள். வலது கை தானாக இறங்கி இடுப்பிலிருந்த கையுறையை மூடிக்கொண்டது. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். விரல் நீட்டவில்லை. மோவாயை மட்டும் ஒரு பக்கமாக லேசாக அசைத்தாள். உதடு அசைந்தது, மூன்றே சொல்.

அதைக் கேட்க நக்கலக்காவுக்குக் காது வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பக்கம் அவள் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தாள். சாவிக்கொத்து வலப்பக்கம் தொங்கியது. நடிப்பில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

நிமிர்ந்தபோது நாத்தனார் அவளைப் பார்த்துவிட்டிருந்தாள். பதறவில்லை. இடுப்பிலிருந்து கையுறைகளை உருவி, வெடித்த விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள். பிறகு மெஷின் கதவைத் திறந்து ஒரு மூட்டை அழுக்குத் துணியை அள்ளி உள்ளே திணித்தாள். கண்ணாடி அடைந்துபோயிற்று. தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

“என்னக்கா பாத்தீங்க அவ்வளவு நேரம்?” என்றாள் ரோலர்காரி.

மேனேஜர் அறை மாடியில்தான் இருந்தது. போய்ச் சொல்வதற்கு இன்னும் நேரம் கடந்துவிடவில்லை. ஒரு மாடிப்படி, ஒரே ஒரு வாக்கியம். நக்கலக்கா வாயைத் திறந்தாள். ‘உச்’ என்றுதான் வந்தது. ரோலர்காரி தலையைத் திருப்பிக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது அவளுக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து, மெத்தையைச் சரிசெய்துகொண்டாள்.